அம்மா டிக்கெட்டில் பெயர் தப்பு, அவசரம், யாராவது சொல்லுங்கள்

மணப்பாறைப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். மாமா பையன் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை கிளம்புகிறோம். இப்போதுதான் அம்மா டிக்கெட்டை உற்றுப் பார்த்தேன், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி பெயர் இல்லை. ஏர்போர்ட்டில் விடுவார்களா? அம்மா "நான் வரவே இல்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். தெரிந்தவர்கள் சீக்கிரம் ப்ளீஸ்.

கிள்ளான்காரன்:
எந்த நாட்டுக் கல்யாணம்? பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது, டிக்கெட்டில் எப்படி இருக்கிறது? ஒரு எழுத்து மாறியிருப்பதும் முழுப் பெயரே மாறியிருப்பதும் ஒன்றில்லை.

ஷார்ஜா_ரிட்டர்ன்:
பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தானே? அப்படியென்றால் போக முடியாது. 2022 நவம்பரில் இருந்தே ரூல் வந்துவிட்டது. என் மச்சினனைக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டைத் தட்காலில் மாற்றுங்கள், வேறு வழி இல்லை.

மூத்தபயணி:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவை வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று சும்மாவா வைத்திருக்கிறார்கள்? டிக்கெட் போடும்போது பார்க்காமல், கிளம்புகிற வாரத்தில் பார்த்தால் எல்லாமே அவசரம்தான்.

மணப்பாறைப்பொண்ணு:
மலேசியா அண்ணா, ஈப்போ. திருச்சியில் இருந்து கோலாலம்பூர். அப்பா டிக்கெட், என் டிக்கெட் சரியாக இருக்கிறது.

கிள்ளான்காரன்:
சரி தங்கச்சி, பெயரை இன்னும் சொல்லவில்லையே.

தஞ்சாவூர்த்_தலையாட்டி:
பெயரை விடுங்கள், அம்மா பத்தாவது படித்திருக்கிறாரா? பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு, இருந்தால் மலேசியாவுக்கு விடமாட்டார்கள். அந்த அனுமதி கேட்கிற 18 நாட்டுப் பட்டியலில் மலேசியாவும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவரைத் திருச்சி இமிக்ரேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கிள்ளான்காரன்:
பட்டியலில் இருப்பது உண்மை, ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களுக்கு. கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. உங்கள் தெருக்காரர் எதற்குப் போனார் என்று விசாரித்துப் பாருங்கள். கையில் ரிட்டர்ன் டிக்கெட்டும் கல்யாணப் பத்திரிகையும் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். ஷார்ஜா நண்பர் சொல்லும் ஒற்றைப் பெயர் விதியும் அமீரகத்து விசிட் விசாவுக்கானது. மலேசியாவுக்கு அதை இழுக்க வேண்டாம்.

ஷார்ஜா_ரிட்டர்ன்:
ரூல் ரூல்தான் பாஸ். நாளைக்கு இவர்களும் கொண்டு வருவார்கள், பாருங்கள்.

மணப்பாறைப்பொண்ணு:
பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் மட்டும்தான், முத்துலட்சுமி. சர்நேம் வரி காலி. ஏஜென்ட் டிக்கெட்டில் முத்துலட்சுமி சுப்பையா என்று அப்பா பெயரைச் சேர்த்துப் போட்டிருக்கிறார். கேட்டால் "எல்லோருக்கும் இப்படித்தான் போடுவோம், ஒன்றும் ஆகாது" என்கிறார்.

மலைக்கோட்டை:
ஒன்றும் ஆகாமலும் போகலாம், கவுன்டரில் இருப்பவரைப் பொறுத்தது. அந்த நம்பிக்கையில் போகாதீர்கள் அக்கா. பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்கும் பாருங்கள், கவுன்டரில் மெஷின் படிப்பது அதைத்தான். கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருந்தாலும் இந்த வரியில் வராது. டிக்கெட் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

சர்நேம் இல்லாதவர்களுக்கு எப்படிப் போடுவது என்பது விமானக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலர் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு பெட்டியிலும் அதே பெயரைப் போடச் சொல்வார்கள், சிலர் கடைசிப் பெயர் பெட்டியில் மட்டும். இங்கே கேட்டு முடிவு செய்யாமல் அவர்களையே கேளுங்கள். ஏஜென்ட் போட்ட டிக்கெட் என்றால் பெரும்பாலும் திருத்தமும் அவர் வழியாகத்தான் நடக்கும். போன் பண்ணாமல் நேரில் போய் உட்காருங்கள். புது டிக்கெட் மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

மூத்தபயணி:
இதைத்தான் நான் முன்பே ஒரு இழையில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

மலைக்கோட்டை:
லிங்க் கொடுத்திருந்தால் அவர் மூன்று மணி நேரம் முன்பே படித்திருப்பார் சார்.

கிள்ளான்காரன்:
இன்னொன்று. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் இருந்து 30 நாள் வரை விசா வேண்டாம், இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொன்னகரம்:
தாய்மாமன் வீட்டுக் கல்யாணம், அம்மா நகை போடாமல் போவாரா? தாலிக்கொடி, ஆரம், வளையல் எல்லாம் போட்டுக்கொண்டு போனால் திரும்பும்போது கஸ்டம்ஸில் மாட்டும். போகும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸில் காட்டி, இங்கிருந்து கொண்டு போன நகைதான் என்று ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பில், நகை போட்டோ எல்லாம் கொண்டு போங்கள், நேரத்தோடு போங்கள்.

தஞ்சாவூர்த்_தலையாட்டி:
எதற்கு இந்த வேலை? பெண்களுக்கு 40 கிராம் சும்மா விடுவார்கள்.

பொன்னகரம்:
அது ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஆண்களுக்கு 20. ஒரு வாரம் போய் வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மாமா அங்கே ஒரு சங்கிலி போட்டு அனுப்பினால் கஸ்டம்ஸில் வரிப் பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.

தஞ்சாவூர்த்_தலையாட்டி:
கழுத்தில் போட்டிருந்தால் யார் கேட்கிறார்கள்? என் சித்தி எத்தனை தடவை வந்திருக்கிறார்.

பொன்னகரம்:
சித்தி மாட்டவில்லை என்பதற்காகச் சட்டம் மாறாது. மாட்டினால் நகையையே எடுத்து வைத்துக்கொள்வார்கள், அப்புறம் அபராதம், அலைச்சல். உங்கள் சித்தியா வந்து கட்டப் போகிறார்?

மூத்தபயணி:
தலைப்பு டிக்கெட்டில் பெயர். நகைக்குத் தனி இழை போடுங்கள்.

ஷார்ஜா_ரிட்டர்ன்:
கவரிங் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பொன்னகரம்:
தாய்மாமன் வீட்டுக்குக் கவரிங்கா? நல்லா இருக்கு யோசனை.

மணப்பாறைப்பொண்ணு:
ஏஜென்ட் ஆபீசில் போய் உட்கார்ந்தோம். அவரே கம்பெனிக்குப் பேசி மாற்றிக் கொடுத்தார், இரண்டு பெட்டியிலும் முத்துலட்சுமி. கொஞ்சம் பணம் கேட்டார், அப்பா சண்டை போட்டுப் பாதி கொடுத்தார். எல்லோருக்கும் நன்றி, மலைக்கோட்டை அண்ணாவுக்கு ஸ்பெஷல் நன்றி. நகை விஷயம் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கிள்ளான்காரன்:
மகிழ்ச்சி. ஏர்போர்ட்டில் இருந்தே ஈப்போவுக்கு நேர் பஸ் இருக்கிறது, கோலாலம்பூர் ஊருக்குள் போக வேண்டியதில்லை.

பொன்னகரம்:
அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். எத்தனை பவுன் கொண்டு போகிறார்?

தஞ்சாவூர்த்_தலையாட்டி:
அதைப் போய் இங்கே எழுதச் சொல்கிறீர்களா?