பிட்காயின் வாலெட்: முகவரியை மாற்றிய பிறகும் வாடிக்கையாளர் என் மற்ற வரவுகளைப் பார்க்கிறார், என்ன செய்வது?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். கோவையில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எம்பிராய்டரி வடிவங்களைக் கணினியில் அமைத்துக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களில் மூவர் பிட்காயினில் பணம் அனுப்புகிறார்கள். மூவருக்குமான பில்லிலும் இரண்டு ஆண்டுகளாக ஒரே முகவரியைத்தான் கொடுத்து வந்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் அவர்களுள் ஒருவர், வேறொருவர் எனக்கு அனுப்பிய தொகையைச் சதோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) பிசகாமல் குறிப்பிட்டு, "அவரிடம் குறைவாக வாங்கும்போது என்னிடம் மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார். அன்றே மூவருக்கும் தனித்தனியே புதிய முகவரிகளைக் கொடுத்தேன். இந்த மாதம் அவர் மீண்டும் என் மற்ற வரவுகளைச் சரியாகச் சொல்கிறார். என் கைப்பேசி வாலெட்டுக்குள் யாரேனும் நுழைந்துவிட்டார்களா? வாலெட்டைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்கள் பன்னிரண்டையும் தாளில் மட்டுமே எழுதி வைத்திருக்கிறேன்.

தறிநிழல்

வாலெட்டுக்குள் நுழைந்தவர் விலை பேசிக்கொண்டிருக்க மாட்டார், பணத்தை எடுத்திருப்பார். ஆகவே அந்த அச்சம் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: புதிய முகவரிகளுக்கு வந்த தொகைகளை அதன்பின் எங்கேனும் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் தனித்தனியாகவா, சேர்த்தா?

நொய்யல்கரை

சேர்த்துத்தான் அனுப்பினேன். ரூபாயாக மாற்றுவதற்காக மூன்றையும் ஒரே பரிவர்த்தனையில், கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினேன். கட்டணம் சற்றுக் குறைகிறது என்பதே காரணம்.

தறிநிழல்

கசிவு அங்கேதான் நேர்ந்திருக்கிறது. வாலெட் திரையில் ஒரே இருப்பாகத் தெரிந்தாலும், பிட்காயினில் உங்களிடம் இருப்பது கல்லாப்பெட்டியில் கிடக்கும் தனித்தனி நோட்டுகளைப் போன்றது. முதல் வாடிக்கையாளர் தந்தது ஒரு நோட்டு, இரண்டாமவர் தந்தது வேறொரு நோட்டு. இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் செலவிட்டால், பார்ப்பவர் எவரும் அவ்விரு முகவரிகளும் ஒருவருடையவை என்று முடிவு செய்துவிடலாம். உங்கள் வாடிக்கையாளருக்குத் தாம் அனுப்பிய முகவரி தெரியும். பிட்காயின் பரிவர்த்தனைகள் அனைத்தும் எவரும் பார்க்கக்கூடிய சங்கிலி (பிளாக்செயின்) என்ற பொதுப் பதிவேட்டில் இருப்பதால், அந்தத் தொகை எப்போது நகர்கிறது என்று அவர் பொதுத்தளம் ஒன்றில் பார்த்திருப்பார். நகர்ந்தபோது கூடவே வந்த மற்ற இரண்டும் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட குறையன்று. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008இல் வெளியிட்ட ஒன்பது பக்க ஆவணத்தின் பத்தாம் பகுதியே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவியை, அதாவது புதிய முகவரியைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டு, பல வரவுகளை ஒரே பரிவர்த்தனையின் உள்ளீடுகளாகச் சேர்க்கும்போது அவை ஒருவருடையவை என்பது வெளிப்படுவதைத் தவிர்க்க முடியாது என்றும் சொல்கிறது. முன்பாதியைப் பல வாலெட்டுகள் தாமாகவே செய்துவிடுகின்றன. பின்பாதி நம் கையில்தான் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது இது. எலக்ட்ரம், ஸ்பாரோ போன்ற வாலெட்டுகளில் எந்த வரவைச் செலவிடுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு வரவுக்கும் யார் தந்தது என்று குறிப்பெழுதி வைத்து, அனுப்பும்போது ஒரு பரிவர்த்தனையில் ஒருவருடைய வரவை மட்டும் எடுங்கள். கட்டணம் சிறிது கூடும். அந்தப் பேரத்தில் நீங்கள் இழந்திருக்கக்கூடியதோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று என்பது என் கருத்து. தொகையில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பினால், மீதிச் சில்லறை உங்களுடைய இன்னொரு புதிய முகவரிக்கு வந்து சேரும் என்பதை மறவாதீர்கள். அந்தச் சில்லறைக்கும் அதே வாடிக்கையாளரின் பெயரையே குறித்து வையுங்கள், இல்லையேல் சில மாதங்கள் கழித்து அதுவே மூவரையும் மறுபடி இணைத்துவிடும்.

மின்தூது

ஏற்கெனவே இணைந்துவிட்ட பழைய தொகைகளைக் பலருடைய பிட்காயினையும் ஒன்றாகக் கலந்து தரும் கலவைச் சேவை ஒன்றின் வழியே அனுப்பித் தடத்தை அழித்துவிடலாமே?

தறிநிழல்

இவருடைய நிலையில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பணம் கடைசியில் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போகிறது. கலவையிலிருந்து வந்த தொகையென்று தெரிந்தால் அவர்கள் கணக்கை நிறுத்திவைத்து விளக்கம் கேட்க வாய்ப்புண்டு. 2024 ஏப்ரலில் கலவை வசதி தந்த சமுராய் வாலெட்டை நிறுவிய இருவர் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்ததையும் நினைவில் கொள்ளுங்கள். இவருக்குத் தேவை வாடிக்கையாளர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் பிரித்து வைப்பது மட்டுமே. அதற்கு வரவுகளைக் கலக்காமல் இருந்தாலே போதும். சங்கிலியில் ஒருமுறை பதிந்த பழைய இணைப்பை எவராலும் நீக்க முடியாது. ஆகையால் பழைய இருப்பைத் தனியாக ஒதுக்கிவிட்டு, இனி வரும் பணத்தைப் புதிய வாலெட்டில் பெறுங்கள். பழையதை அப்படியே புதியதற்கு மாற்றிவிட்டால் எல்லாம் வீண்.

வரவுசெலவு

நான் கணக்கர் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்தக் குறிப்புகள் வருமான வரிக்கும் தேவைப்படும். தொழிலில் பெற்ற கிரிப்டோ வருமானம்தான். அதை விற்கும்போது வரும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதப் பிடித்தமும் உண்டு. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டதால், அடையாளச் சரிபார்ப்பு இல்லாமல் அங்கே விற்க இயலாது. வாடிக்கையாளரிடமிருந்து மறைப்பது உங்கள் உரிமை. வரித்துறையிடமிருந்து மறைப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நொய்யல்கரை

மூவருக்கும் நன்றி. புதிய வாலெட் அமைத்துவிட்டேன். மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. பழைய முகவரிக்கு யாரோ 546 சதோஷி அனுப்பியிருக்கிறார்கள்; அது என்ன? ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு முகவரி என்றால், இத்தனை முகவரிகளும் அந்தப் பன்னிரண்டு சொற்களிலிருந்தே மீளுமா? வேறு எங்கிருந்தேனும் கசிவு ஏற்படக்கூடுமா?

தறிநிழல்

அந்த 546 சதோஷியைத் தொடாதீர்கள். பழைய வகை முகவரிக்கு அதைவிடக் குறைவான தொகையைப் பெரும்பாலான கணுக்கள் (பிட்காயின் வலையமைப்பின் கணினிகள்) கடத்துவதில்லை என்பதால், வேவு பார்ப்போர் அந்த அளவைத் தேர்ந்தெடுத்துத் தூவுகிறார்கள். நீங்கள் அதை அறியாமல் வேறு வரவோடு சேர்த்துச் செலவிட்டால் அந்த இணைப்பு அவர்களுக்குக் கிடைத்துவிடும். எலக்ட்ரத்தில் அந்த வரவை உறையவைக்கும் வசதி இருக்கிறது.

எல்லா முகவரிகளும் அந்தச் சொற்களிலிருந்தே மீளும். ஆனால் மீட்கும்போது பல வாலெட்டுகள் தொடர்ந்து 20 முகவரிகள் வெறுமையாக இருந்தால் தேடுவதை நிறுத்திவிடும். பணம் வராத பில்களுக்கும் முகவரி கொடுத்துக்கொண்டே போனால் அதற்கு அப்பால் வந்த தொகை காணாமற்போனதுபோல் தோன்றும். பதறாமல் அமைப்பில் அந்த எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. உங்கள் வாலெட் இருப்பைத் தெரிந்துகொள்ள ஒரு பொதுச் சர்வரிடம் எல்லா முகவரிகளையும் பற்றிக் கேட்கிறது. சங்கிலியில் அவற்றை நீங்கள் ஒருபோதும் இணைக்காவிட்டாலும், அந்தச் சர்வரை நடத்துபவருக்கு அவை ஒரே ஐபி முகவரியிலிருந்து கேட்கப்பட்டவை என்று தெரியும். டோர் என்ற மறைவு வலையமைப்பின் வழியே இணைத்தால் உங்கள் ஐபி மறையுமே தவிர, ஒரே இணைப்பில் கேட்கப்படும் முகவரிகள் ஒருவருடையவை என்பது மறையாது. முழுத் தீர்வு சொந்தக் கணு, அதாவது சங்கிலியைத் தானே சரிபார்க்கும் உங்கள் சொந்தக் கணினி. அதற்கு 600 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், பழைய தொகுதிகளைக் கழித்துவிட்டு நடத்தினால் மிகக் குறைவாகவே போதும். எக்ஸ்பப் எனப்படும் விரிவுப் பொதுச்சாவியை எவருக்கும் கொடுக்காதீர்கள். அதனால் பணத்தை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் இதுவரை வந்த, இனி வரப்போகிற எல்லா முகவரிகளும் அதிலிருந்து தெரிந்துவிடும்.

நொய்யல்கரை

இரண்டு வாரங்களுக்கு முன் மூவருக்கும் புதிய பில்கள் அனுப்பினேன். மூன்றுக்கும் பணம் வந்துவிட்டது. நேற்று அவற்றை மூன்று தனிப் பரிவர்த்தனைகளாக விற்றேன். 546 சதோஷியை உறையவைத்துவிட்டேன். பழைய மடிக்கணினி ஒன்றில் கணுவை நடத்தும் மென்பொருளான பிட்காயின் கோர் ஒத்திசைந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் ஸ்பாரோவை அதனுடன் இணைத்துவிட்டு, ஏதேனும் தடங்கல் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.