ஜன்னலை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை: குளிர்நாட்டில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு

குளிர்நாட்டில் பழைய வீடு வாங்கிய பலர், முதல் குளிர் தொடங்கியதுமே ஜன்னல்களை மொத்தமாக மாற்ற விலை கேட்க ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். எந்த ஜன்னலில் என்ன கோளாறு என்று உங்களுக்கே தெரியாவிட்டால், விற்க வருபவர் சொல்வதுதான் முடிவாகிவிடும்.

காற்றடிக்கிற நாளில் ஊதுபத்தி கொளுத்தி ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை அலைகிற இடத்தில் காற்று புகுகிறது. திறக்கும் பாகத்தின் விளிம்பு என்றால் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கும். சட்டமும் சுவரும் சேரும் இடம் என்றால் அடைப்பு விட்டிருக்கும். இரண்டும் சின்னச் செலவு, நீங்களே செய்துகொள்ளலாம்.

அடுத்து, கண்ணாடியில் ஈரம். அறைப்பக்கம் வியர்த்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் ஈரப்பதம் அதிகம் என்று பொருள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, துடைக்கவே முடியாதபடி மங்கலாக இருந்தால், அவற்றின் விளிம்பைக் காற்றுப் புகாமல் மூடியிருக்கும் சீல் போய்விட்டது. அப்போதுகூட சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியும். இதை நீங்களாகக் கேளுங்கள். மரச்சட்டத்தின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் இற்றுப்போயிருக்கிறது. அந்த ஜன்னல்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

சூடேற்றும் செலவு குறைந்தே போட்ட காசு சீக்கிரம் வந்துவிடும் என்ற கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஜன்னல் செலவு அப்படித் திரும்பிவரப் பல வருடங்கள் ஆகும். கையில் இருப்பது குறைவு என்றால் கூரைக்கடியில் இன்சுலேஷன் போடுவது பெரும்பாலும் விரைவாகப் பலன் தரும். ஜன்னல்களை இரண்டு மூன்று வருடங்களில் பிரித்துச் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றாக ஆள் கூப்பிட்டால் கூலி கூடும், வீட்டின் ஒரு பக்கத்தை ஒரே தடவையில் முடியுங்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டதா? குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். பழைய சட்டத்துக்குள்ளேயே பொருத்துவதா, சட்டத்தோடு பெயர்ப்பதா, கண்ணாடி எத்தனை அடுக்கு, லோ-ஈ பூச்சும் (வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும் மெல்லிய படலம்) கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயுவும் உண்டா, யூ-வேல்யூ எவ்வளவு (ஜன்னல் வழியே வெப்பம் வெளியேறும் அளவு; இது குறையக் குறைய நல்லது), பழையதை அகற்றுவது, உள்பக்க மரவேலை, வரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விலையை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. பெயர்த்த பிறகு சுவரில் அழுகல் தெரியவரலாம். அதற்காக 10 முதல் 15 சதவீதம் தனியாக வையுங்கள். இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துபவரை அனுப்பிவிடுங்கள்.

அடுக்குமாடி வீடு என்றால் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். தனி வீட்டுக்கும் உள்ளூராட்சி விதிகள் உண்டு; ஆபத்தில் ஏறி வெளியேறும் அளவுக்குப் படுக்கையறை ஜன்னல் திறக்க வேண்டும் என்று பல இடங்களில் சட்டமே இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் படம் எடுத்து உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அப்புறம், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஜன்னலையும் நீங்களே திறந்து, மூடி, பூட்டிப் பார்த்து, உத்தரவாதத் தாளையும் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.