ஊர்ச் செய்தித் தளத்தில் விளம்பர வருமானம் ஏன் இவ்வளவு குறைவு?

வினா: கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்துக்கென்றே ஒரு தமிழ்த் தளத்தை 2 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பண்ருட்டிப் பலா வரத்து, வடலூர் தைப்பூசத்துக்குச் செல்லும் வழி, துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று உள்ளூர்க்காரர்களுக்குப் பயன்படுபவற்றையே எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரு மாதத்தில் வரக்கூடிய வாசகர்கள் ஒரே இரவில் வந்தார்கள். அன்றைய வருமானமோ இரண்டு தேநீருக்குத்தான் கண்டது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும் என்பதால், அங்கே நிற்கும் 41 டாலரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஊரைப் பற்றி எழுதினால் ஊர்க் கடைகளின் விளம்பரம் தானே வரும் என்று நம்பித்தான் தொடங்கினேன். பிழை எங்கே இருக்கிறது?

மறுமொழி 1: முத்தியால்பேட்டை

அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது, ஐயா. கட்டுரை எந்த ஊரைப் பற்றியது என்பதைவிட, அதைப் படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், அண்மையில் எதைத் தேடினார், அவர் கண்ணில் படுவதற்கு எந்த நிறுவனம் எவ்வளவு கொடுக்க முன்வருகிறது என்பவையே பெரும்பாலும் விளம்பரத்தைத் தீர்மானிக்கின்றன. பக்கம் திறக்கும் நொடியில் நடந்து முடியும் ஏலம் அது. மஞ்சக்குப்பத்துப் பாத்திரக் கடைக்காரர் அந்த ஏலத்துக்கே வருவதில்லை. தமிழ்ப் பக்கங்களை ஆட்சென்ஸ் ஏற்கத் தொடங்கியதே 2018இல்தான். போதாக்குறைக்கு, புயல், விபத்து போன்ற செய்திகளின் பக்கத்தில் தங்கள் பெயர் வரவேண்டாம் என்று பல நிறுவனங்கள் விலக்கிவைத்துவிடுகின்றன.

என் தளத்தில் வருமானம் தருபவை, புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் குடியேறிய குடும்பங்கள் அங்கிருந்து படிக்கும் பக்கங்கள்தாம்: வில்லங்கச் சான்று, வீட்டு வாடகை, பரம்பரைச் சொத்தைப் பெயர் மாற்றும் முறை. அங்கே விளம்பர விலை அதிகம். ஆனால் 2024 ஜனவரி 16 முதல், ஐரோப்பிய வாசகர்களுக்குக் அவர்கள் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும், கூகுள் சான்றளித்த அறிவிப்பைக் காட்டவேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைக் கவனிக்காமல் நான் சில மாதங்களின் வருமானத்தைக் கோட்டைவிட்டேன்.

மறுமொழி 2: முதுநகர் அச்சகத்தார்

நான் முப்பது ஆண்டுகளாகத் துண்டறிக்கை அச்சடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆடித் தள்ளுபடிக்கு 5,000 தாள் அடித்து, அதை நாளிதழ்களுக்குள் செருகுவதற்குத் தனியே கூலியும் கொடுக்கும் கடைக்காரரிடம் விளம்பரத்துக்குப் பணம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் தளம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் எந்தத் தேடலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரியும். அதைக் கைப்பேசியில் திறந்து, கடையில் கூட்டம் இல்லாத பிற்பகலில் போய்க் காட்டுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை முடிந்து தருகிறேன் என்றால் அது அடுத்த ஆடிக்குத்தான் வரும். பணம் வாங்கிப் போடும் இணைப்பில் அது விளம்பரம் என்பதைக் காட்டும் 'ஸ்பான்சர்டு' குறியை இடவேண்டும். இல்லையென்றால் கூகுள் தேடலில் உங்கள் தளத்துக்கே பாதிப்பு.

மறுமொழி 3: வில்லியனூர்

ஒன்று மட்டும். உறவினர்களிடம் விளம்பரத்தை அழுத்தச் சொல்லாதீர்கள். என் தங்கை மகன் ஆசையாக அழுத்தியது போலி அழுத்தலாகக் கருதப்பட்டு, என் ஆட்சென்ஸ் கணக்கையே மூடவைத்தது.

கெடிலக்கரை

மூவருக்கும் நன்றி. சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தேன். நான் உழைத்து எழுதிய கட்டுரைகளைவிட, ஒரு மணி நேரத்தில் தட்டி ஏற்றிய கடலூர்–புதுச்சேரி பேருந்து நேரப் பக்கத்துக்கே வாசகர்கள் அதிகம். அதை எடுத்துக்கொண்டு நேற்று பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு தையல் கடைக்குப் போனேன். மாதம் 500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட அந்த அண்ணன், பட்டியலில் 3 வண்டிகளின் நேரம் தவறு என்று காட்டி, அதைத் திருத்திய பிறகு வந்து பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இன்று மாலை நேரம் குறிக்கப் பேருந்து நிலையத்துக்குப் போகிறேன்.