புதுப்பிப்பு: மாமாவின் துவக்குக் குழலில் விழுந்த கீறல்

தம்பலகாமத்து வயலில் பன்றி விரட்ட மாமா வைத்திருக்கும் அனுமதிப்பத்திரத் துவக்கில், முட்கம்பி உரசி விழுந்த கீறல்களை எப்படி மறைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். ‘கோல்ட் புளூ’ (cold blue: சூடாக்காமலே இரும்பைக் கருப்பாக்கும்) திரவம் பூசச் சொன்னவர்களுக்கு நன்றி. மாமா பூசிவிட்டார்.

தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்த பிறகே வேலை தொடங்கியது. அசிட்டோனால் எண்ணெய்ப்பசை நீக்குவதுதான் பாதி வேலை. விரல் பட்ட இடத்தில்கூடத் திரவம் சரியாகப் பிடிக்காது. பஞ்சால் தொட்டதும் வெள்ளிக்கோடு சாம்பலாகி, பிறகு கருத்தது. கழுவித் துடைத்து, மிக மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து மறுபடியும் பூசினார். திரவத்தில் நச்சான செலினியச் சேர்மம் கலந்திருப்பதால் கையுறையும் காற்றோட்டமான இடமும் கட்டாயம். நாற்றம் வேறு!

வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தழும்பு இன்னும் தெரிகிறது. மாமாவுக்கு அது போதும், எனக்கும்தான். தொழிற்சாலையின் சூடான நீலப்பூச்சைப்போல் இது உழைக்காது. திருகோணமலை உப்புக்காற்றில் துருவைத் தடுப்பது எண்ணெய்தான். அடிக்கடி துடைத்துப் பூச வேண்டும்.

மண்தாள் போடச் சொன்ன நண்பருக்கு: தொடர் இலக்கம் பொறித்த பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. அலுமினியப் பாகங்களுக்கு இந்தத் திரவம் உதவாது. அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது.