புதுப்பிப்பு: தசரா விடுமுறையில் கோஸ்டா ரிகா, திட்டம் மாறியது

பெங்களூரிலிருந்து தசரா விடுமுறையில் குடும்பத்துடன் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா செல்ல எண்ணி, அக்டோபர் மழை பயணத்தைக் கெடுத்துவிடுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். (மழை பார்க்க, கர்நாடகத்தில் கனமழைக்குப் பெயர்பெற்ற ஆகும்பே போதாதா என்பது அல்சூர் சித்தப்பாவின் வாதம்.)

விசாரித்ததில், பசிபிக் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தில் இருக்கும் என்பதும், அதே மாதங்களில் கரீபியன் கரையில் மழை ஓரளவு தணிந்திருக்கும் என்பதும் தெளிவாயின. ஆகவே பசிபிக் பக்கமுள்ள கொர்கொவாடோ தேசியப் பூங்காவை வருத்தத்துடன் கைவிட்டு, கரீபியன் கரையிலுள்ள டோர்டுகேரோ என்ற ஊருக்கு நான்கு இரவுகளை ஒதுக்கியிருக்கிறேன். அவ்வூருக்குச் சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் செல்ல வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை பேராமைகள் எனப்படும் பச்சைக் கடலாமைகள் அந்தக் கரையில் முட்டையிடுவதால், அவற்றைக் காண இரவில் வழிகாட்டியுடன் மட்டுமே செல்லலாம், கேமரா கூடாது என்பது விதி. மகளுக்கு இதில் ஏமாற்றம்; எனக்கோ மிகவும் நியாயமாகப் படுகிறது.

அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே நமக்கு விசா தேவைப்படுவதால், ஐரோப்பா வழியாகச் செல்லும் விமானங்களைப் பார்த்துவருகிறேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.