ஆம்ஸ்டர்டாம் தலைமறைவு வாழ்க்கை: நாடகத்தில் ரேஷன் காட்சி சரிதானா?

திருநகர் நாடகக்குழு:
மதுரைப் பள்ளிப் பிள்ளைகள் நடிக்க ஒரு நாடகம் தயாராகுது. நாஜி ஜெர்மனி பிடிச்சிருந்த நெதர்லாந்தில், 1942-லிருந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து பிழைத்த யூதப் பெண். கற்பனைப் பாத்திரம்தான், ஆனா விவரம் தப்பக்கூடாது. அடைக்கலம் தந்த வீட்டம்மா தன் ரேஷன் கார்டைக் காட்டி ரெண்டு பேருக்குச் சாமான் வாங்கி வர்றாங்க. இது நடக்குமா? ஒளியிற இடத்தை மேடையில எப்படிக் காட்டலாம்? போர் முடிஞ்சு அவள் வீடு திரும்புறதோட முடிக்கலாமா?

கூடல்நகர்:
நடக்காது, மாத்துங்க. நம்ம ஊர்ல கார்டு குடும்பத்துக்கு ஒண்ணு, அங்கே ஆளுக்கு ஒண்ணு. ஆளோட மூலக் கார்டைக் காட்டிக் கூப்பன் தாள் வாங்கணும்; ஒளிஞ்சிருக்கிறவ தன் கார்டோட வெளியே போக முடியாது. கடையில ரொட்டிக்கு, வெண்ணெய்க்குன்னு தனித்தனியா கத்தரிச்சுக் கொடுக்கணும். கடைக்காரர் அந்தத் துண்டுகளைத் தாளில் ஒட்டிக் கணக்குக் காட்டினாத்தான் அவருக்கு அடுத்த சரக்கு வரும். அவர் மனசு இரங்கினாலும் கூப்பன் இல்லாம எத்தனை நாள் கொடுக்க முடியும்? தலைமறைவானவங்களுக்காக நாஜி எதிர்ப்பு இயக்கத்தார் ரேஷன் அலுவலகங்களிலேயே கொள்ளையடிச்சாங்க. அந்தக் கூப்பன் கைமாறி வீட்டுக்கு வர்ற மாதிரி காட்சி வையுங்க.

1944-45 பஞ்சக் குளிர்காலத்தையும் விட்டுடாதீங்க. துலிப் கிழங்கைத் தோலுரிச்சு, நடுவிலுள்ள மஞ்சள் குருத்தை எடுத்துட்டு வேகவைப்பாங்க. குருத்து விஷம், அதை எடுக்காம சமைச்சா உடம்புக்கு ஆகாது.

வடக்குமாசி வீதி:
மேடைக்கு, பக்கத்து ஊரான ஹார்லெமில் யூதர்களை ஒளிச்சு வச்ச டென் பூம் குடும்பத்தார் வீட்டைப் பாருங்க. படுக்கையறையில் செங்கல்லால கட்டின போலிச் சுவர். பலகைன்னா தட்டிப் பார்த்ததும் உள்ளே வெற்றிடம்னு சத்தம் சொல்லிடும். அலமாரியின் அடித்தட்டு வழியா தவழ்ந்துதான் உள்ளே போகணும். 1944 பிப்ரவரி 28 சோதனையில் யூதர் நாலு பேரும் இயக்கத்தார் ரெண்டு பேரும் அதுக்குள்ள ரெண்டு நாளுக்கு மேல நின்னாங்க, சிக்கலை.

பிள்ளைகளுக்கு இதைப் பழக்குங்க: எச்சரிக்கை மணி அடிச்சதும் மெத்தையைப் புரட்டிப் போடணும். ஆள் படுத்திருந்த சூடு சோதனைக்கு வர்றவங்க கையில் பட்டா காரியம் கெட்டுடும்.

கே.புதூர்:
திரும்பி வர்றதோட முடிச்சா பாதிக் கதைதான். நெதர்லாந்திலிருந்து நாஜி முகாம்களுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 1,07,000 பேர். உயிரோட திரும்பினது 5,000 சொச்சம். வீட்ல வேற ஆள் குடியிருப்பாங்க, தட்டுமுட்டுச் சாமான் எப்பவோ போயிருக்கும். இதுக்கு மேல, ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி அவங்க இல்லாத காலத்து நிலவாடகை (வீடு நிற்கிற மாநகராட்சி நிலத்துக்கான குத்தகை) பாக்கியை அபராதத்தோட கேட்டுச்சு. பெத்தவங்க திரும்பாத பிள்ளைகள் உறவினரிடம் போகணுமா, வளர்த்த வீட்டிலேயே இருக்கணுமான்னு முடிவு பண்ண அரசு தனிக் குழுவே போட்டது.

கடைசிக் காட்சியில அவள் கதவைத் தட்டட்டும். திறக்கிறவர் தோளில் அவளோட பழைய மேல்கோட்டு கிடக்கட்டும்.