வாவிக்கரை அயல் குழு: டீசல் டாங்கி கிடந்த வளவு

ரீச்சரக்கா, 19:12
வாவிக்கரையில பழைய டீசல் டாங்கி வளவில நடைபாதையும் சிறுவர் பூங்காவும் வருதாம். 6 அங்குலம் கிரவல் போட்டு மேல இன்டர்லொக் கல்லாம். கீழ டீசல் ஊறின மண்ணுக்கு அது காணுமா?

சிவா அண்ணன் (சிவில்), 19:15
காணாது ரீச்சர். டீசல் தண்ணிய விட லேசு, தரைத்தண்ணிக்கு மேல மிதக்கும். நம்மட மணலில கோடைக்கு ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றரில தண்ணி. மாரிக்குக் கிட்டத்தட்ட மேலயே வந்திரும். தண்ணி ஏறி இறங்கக்குள்ள எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி இடையில கிடக்கிற மண் முழுக்க அப்பிரும். கல்லுப் பதிச்சா மேலதான் வடிவு, கீழால அது வாவிப் பக்கம் நகரும்.

நிரோ (லாப்), 19:19
அதால மேல்மண்ண மட்டும் அள்ளிச் சோதிச்சு "ஒண்டுமில்ல" எண்டா நம்பாதீங்க. அந்த வளவு 40 பேர்ச் எண்டா ஏறத்தாழ 1000 சதுர மீற்றர். 10 மீற்றருக்கு ஒண்டு வெச்சா 10 குழி. ஒவ்வொண்டிலயும் மூண்டு மாதிரி: மேல்மண், தண்ணி மட்டம், அதுக்குக் கீழ அரை மீற்றர். கண்ணாடிப் போத்தலில விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில 4 பாகையில வெக்கணும். பொலித்தீன் பையில கட்டினா ஆவியாகிறது பறந்திரும், ரிப்போட் அழகா வரும் 😄 ஈயம் பாக்க மட்டும் பை போதும்.

ரீச்சரக்கா, 19:21
டீசல் டாங்கிக்குள்ள ஈயம் என்னத்துக்கு தம்பி?

நிரோ (லாப்), 19:23
பக்கத்தில பெற்றோலும் வெச்சிருந்தா? நாட்டில ஈயம் கலந்த பெற்றோல் 2002இலதான் நிண்டது. பழைய பெயின்ட், பற்றரி உடைச்ச இடம் எல்லாத்திலயும் இருக்கும். சின்னப் புள்ளைகள் மண்ணில விளையாடிட்டு விரல வாயில வைக்கும், அதான்.

பாயிஸ் நானா டிப்பர், 19:26
தோண்டினா எவ்வளவு மண் வரும்?

சிவா அண்ணன் (சிவில்), 19:30
எண்ணெய் பட்ட இடம் 20க்கு 15 மீற்றர், ஆழம் ஒன்றரை எண்டு வைங்க. 450 கன மீற்றர். ஒரு கியூப் 2.83 கன மீற்றர், அப்ப 159 கியூப். கிளறின மண் கால்வாசி பொங்கும், 200 எண்டு கணக்கெடுங்க. 3 கியூப் டிப்பருக்கு 67 லோட்.

பாயிஸ் நானா டிப்பர், 19:32
பள்ளக் காணிக்காரர் ரோட்டிலயே மறிச்சு "நமக்கு ஒரு லோட் கொட்டுங்க" எண்டு கேப்பாங்களே

சிவா அண்ணன் (சிவில்), 19:35
அங்கதான் எல்லாம் கெடும் நானா. ஒரு வளவு பத்து வளவாகும். லோட்டுக்கு லோட் சிட்டை வேணும்: ஏத்தின நேரம், டிப்பர் நம்பர், இறக்கின இடம், ரெண்டு பக்கமும் கையெழுத்து. மேல படங்கு கட்டணும். நல்ல மண்ணோட கலக்கவும் கூடாது, கலந்தா அதுவும் கழிவுக் கணக்கில சேரும். டாங்கி அடிச் சேறு வேற விசயம். 2008ஆம் ஆண்டு 1534/18 வர்த்தமானிப்படி அந்த மாதிரிக் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் தொடலாம்.

நிரோ (லாப்), 19:41
டீசல் மண்ண முழுக்க ஏத்தத் தேவையில்ல. இடம் இருந்தா அங்கயே குவிச்சுக் கிருமியாலயே தின்ன வெக்கலாம். கீழ தடிச்ச பொலித்தீன், குவியல் ஒரு மீற்றர் உயரம், நடுவில ஓட்டை போட்ட பிவிசி குழாய். உமி கலந்தா காத்துப் போகும், அதுக்கு நம்மட ஊரில பஞ்சமில்ல. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டப்படாது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பேக்கோவால பிரட்டணும். யூரியா அளவாப் போடணும், அள்ளிக் கொட்டினா அமோனியாவாகி கிருமி செத்திரும். சில மாதம் எடுக்கும். ஈயம் இதால போகாது.

ரீச்சரக்கா, 19:44
நம்மட கிணறுகள்?

நிரோ (லாப்), 19:46
குழித்தண்ணி இறைக்கத் தொடங்க முன்னமே ஒருக்கா சோதிச்சு வைங்க, மறுகா ஒப்பிடலாம். டீசல் மணத்தா கொதிக்க வெச்சும் பிரயோசனமில்ல, குளோரினும் சரிவராது. மோட்டரும் கனக்க ஓட்டாதீங்க. மணல் திட்டில நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசாத்தான் நிக்கி, இழுத்தா உப்பும் எண்ணெயும் ரெண்டும் வரும்.

சிவா அண்ணன் (சிவில்), 19:52
இறைக்கிற தண்ணிய நேரே வாவிக்கு விடப்படாது. மூண்டு அறைத் தொட்டி கட்டி, அறைக்கு அறை கீழால தண்ணி போக வெச்சா எண்ணெய் மேல தங்கும், வழிச்செடுக்கலாம். வைகாசியில தொடங்கி புரட்டாதிக்குள்ள குழிய மூடிரணும். மாரி பிடிச்சா குழி குளம்தான்.
கரையில நேர்ச்சுவரும் வேணாம். ஒலுவில் துறைமுகத்தில அலைதடுப்பு நீட்டி, தெக்கால மணல் குவிஞ்சு வடக்கால கரை அரிச்சது தெரியும்தானே. வாவியில கடல் மாதிரிக் கரையோட மணல இழுக்கிற ஓட்டம் இல்ல, ஆனா சுவரில அடிக்கிற அலை அடிச்சேத்தக் கிளறும். பழைய எண்ணெய் படிஞ்சு கிடக்கிறது அதிலதான். சரிவாக் கருங்கல்லு அடுக்கிக் கண்டல் நடலாம். கரையோரம் பேணல் திணைக்கள அனுமதியும் வேணும், 2011 திருத்தத்தோட வாவி ஓரத்தில 100 மீற்றர் வரைக்கும் கரையோர வலயத்துக்குள்ள வருது.

பாயிஸ் நானா டிப்பர், 19:55
டாங்கி இன்னும் கீழதான் கிடக்கு. நேத்து பழைய இரும்புக்காரர் வந்து பாத்துட்டுப் போனாங்க

சிவா அண்ணன் (சிவில்), 19:56
ஐயோ! வெறும் டாங்கிதான் நிறைஞ்சத விட மோசம், உள்ள முழுக்க ஆவி. காஸ் மீற்றரில வெடிக்கிற எல்லையின் 10 வீதத்துக்குக் கீழ வரும் வரைக்கும் இரும்பு வெட்டுற காஸ் நெருப்பக் கிட்டக் கொண்டுபோகவே ஏலாது. அது வரைக்கும் ஆரையும் உள்ள விடாதீங்க.

ரீச்சரக்கா, 19:57
கேற் சாவி ஆரட்ட இருக்கு?